சித்தப்பா வீட்டுக்கும் சேர்த்து நான் வரி கட்டிய கதை

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்கு வந்திருந்தேன். விரலில் மை காய்வதற்குள் எதிர்வீட்டு அக்கா திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பேச்சு விலைவாசி, மின் கட்டணம் என்று சுற்றி சொத்து வரியில் வந்து நின்றது. அந்த மாதம் முதல் வாரத்திலேயே அம்மா வீட்டு வரியை ஃபோனிலேயே கட்டிவிட்டேன், ஏப்ரல் 30க்குள் கட்டினால் தரும் 5 சதவீத ஊக்கத்தொகையில் 201 ரூபாய் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா மனக்கணக்கில் கெட்டிக்காரி. "201 கழிஞ்சுதுன்னா உனக்கு அரையாண்டுக்கு நாலாயிரமா வருது? எனக்கு 1,860 தானேடி" என்றாள். அவள் வீடு 1,180 சதுர அடி. எங்களுடையது 1,140. ஒரே தெரு, எதிரெதிர் வாசல், ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டிய தளவீடுகள். எனக்கு மட்டும் 4,020.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்தவன் பில்லில் பத்து ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிப்பேன். சொந்த வீட்டு வரியில் இரண்டு வருஷமாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. 2022இல் வரியை ஏற்றினார்கள், ஊரே புலம்பியது, நானும் புலம்பிவிட்டுக் கட்டினேன். ஏற்றம் எல்லோருக்கும் பொது என்பதால் எனக்கு வந்த தொகையும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் பிசகினேன்.

அந்த ஏற்றம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பிரச்சினை அதற்குள்தான் ஒளிந்திருந்தது. உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச மதிப்பை அறிவிக்க வேண்டும், மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் உயர வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. அதைக் காரணம் காட்டி 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க வரி சீரமைப்பு அறிவிக்கப்பட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளுக்கு இன்னும் அதிகம், உச்சப் படியில் 150. அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு 50 சதவீதம்தான் ஏறியிருக்க வேண்டும். பழைய வரி அரையாண்டுக்கு 1,200. அது 1,800 ஆகியிருக்க வேண்டும். 4,020 எங்கிருந்து வந்தது?

அன்று மாலையே இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான் எப்போதும் நேராகத் தொகைக்குப் போய், கார்டு எண்ணைத் தட்டி, ரசீதைச் சேமித்துவிட்டு வெளியே வருகிற ஆள். இந்தத் தடவைதான் மேலே இருந்த விவரங்களைப் படித்தேன். கட்டட அளவு 1,910 சதுர அடி என்றிருந்தது. எங்கள் வீடு ஒருநாளும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு 1,910இல் 1,140ஐக் கழித்தேன். 770. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. 770 எங்கள் சித்தப்பா வீட்டின் அளவு.

தாத்தா கட்டிய வீடு அது. 2009இல் பாகப்பிரிவினை ஆனது. முன்கட்டு அப்பாவுக்கு, பின்கட்டு சித்தப்பாவுக்கு. நடுவில் சுவர் எழுப்பினார்கள், சித்தப்பா பின்தெருப் பக்கம் வாசல் வைத்துக்கொண்டார், அடுத்த வருஷமே இரண்டுக்கும் தனித்தனி வரிவிதிப்பு எண் வாங்கியாகிவிட்டது. ஆனால் மொட்டை மாடி மட்டும் ஒரே தளம். மேலிருந்து பார்த்தால் ஒரே வீடு மாதிரிதான் தெரியும். சீரமைப்புக்காக அளவெடுத்தபோது அந்தக் கூரையை மொத்தமாக எங்கள் பேரில் எழுதிவிட்டார்கள். சித்தப்பாவோ தன் எண்ணில் தன் 770க்குத் தனியாக வரி கட்டிக்கொண்டிருக்கிறார். ஆக ஒரே 770 சதுர அடிக்கு இரண்டு இடத்தில் வசூல்.

இதில் இன்னொரு கொடுமை, அளவு பிசகினால் வரி அந்த விகிதத்தில் மட்டும் ஏறுவதில்லை. அளவு எனக்கு 68 சதவீதம்தான் கூடியது. ஆனால் 1,800ஐத் தாண்டிவிட்டதால் 50 சதவீதப் படியிலிருந்து 100 சதவீதப் படிக்கு மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1,200 ரூபாய் முதலில் 2,010 ஆனது, அப்புறம் அது இரட்டிப்பாகி 4,020. கட்ட வேண்டியதை விட இரண்டேகால் மடங்கு. தவறே இல்லாதவர்களுக்கும் இந்தப் படிக்கட்டு முறையில் ஒரு அநியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. 1,200 சதுர அடிக்காரர் பழைய வரியாக 1,260 கட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு 1,890. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சதுர அடி கூடுதல் என்றால் 2,205. அந்த ஒரு அடியில் ஒரு செருப்பைக்கூட ஜோடியாக வைக்க முடியாது. அதனால் உங்கள் வீட்டளவு 600, 1,200, 1,800 இந்த எண்களை ஒட்டி இருந்தால் பதிவில் உள்ள அளவை இரண்டு தடவை சரிபாருங்கள். பத்து அடி பிசகு பெரிய வித்தியாசம் செய்யும்.

சரி, அம்மாவிடம் 2022இல் நோட்டீஸ் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சே, காலண்டருக்குப் பின்னாடி செருகி வச்சேன்" என்றார். இரண்டு வருஷக் காலண்டர் அட்டைகளுக்கு நடுவே கிடைத்தது. 2022 ஆகஸ்ட் தேதியிட்ட சிறப்பு அறிவிப்பு. அளவு 1,910 என்று அதிலேயே அச்சாகியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கக் கெடுவும் போட்டிருந்தது. அந்தக் கெடு முடிந்து கிட்டத்தட்ட இருபது மாதம். அம்மாவைக் கோபித்துக்கொண்டேன், பிறகு அதற்கும் வருத்தப்பட்டேன். அவருக்குப் பொடி எழுத்து தெரியாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அப்பா அம்மா வீட்டுக்கு வரும் நகராட்சிக் காகிதம் எதுவானாலும் அன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கெடுவுக்குள் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. திங்கள்கிழமை லீவு சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகம் போனேன். பில் கலெக்டர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "மேடம், எலக்‌ஷன் ரிசல்ட் வர்ற வரைக்கும் எதுவும் நகராது. குறைதீர் கூட்டமே கிடையாது. ஜூன்ல வாங்க" என்றார். அது உண்மைதான், நடத்தை விதி அமலில் இருந்ததால் கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமைக் கூட்டமும் நின்றுபோயிருந்தது. ஆனாலும் மனுவை விட்டுவிட்டுப் போகலாமே என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அதுதான் என் இரண்டாவது பிசகு. இரண்டு பக்கம் எழுதினேன். அப்பா இறந்தது, அம்மா குடும்ப ஓய்வூதியத்தில் இருப்பது, வரி தாங்க முடியாத பாரம், எதிர்வீட்டுக்கு 1,860தான், எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை, எல்லாம் அதில் இருந்தது. அளவு தவறு என்பது இரண்டாம் பக்கத்தில் எங்கோ ஒரு வரி.

ஜூன் இரண்டாவது வாரம் பதில் வந்தது. அரசாணைப்படியே வரி உயர்த்தப்பட்டுள்ளது, குறைக்க இயலாது. மூன்று வரி. அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் இன்று யோசித்தால், அவர்கள் பக்கமிருந்து அந்தப் பதில் நியாயம்தான். என் மனுவை மேலோட்டமாகப் படிக்கும் எழுத்தர் அதை "வரி அதிகம், குறையுங்கள்" என்றுதான் எடுத்துக்கொள்வார். விகிதத்தைக் குறைக்க அவருக்கும் அதிகாரமில்லை, ஆணையருக்கும் இல்லை. அந்த மாதிரி மனு அவர்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும், எல்லாவற்றுக்கும் அதே மூன்று வரிதான். பதிவேட்டில் ஒரு விவரம் தவறு, இதோ ஆதாரம் என்று போனால் அது வேறு சாதி மனு. அதை அவர்கள் சரிபார்த்தே ஆக வேண்டும். தொகையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் தேவையில்லை, அளவு திருந்தினால் தொகை தானே திருந்தும்.

எதிர்வீட்டைச் சுட்டிக்காட்டியதும் தப்பு. "அவங்களுக்கு 1,860 தான்னு எழுதியிருக்கீங்க. அப்ப அவங்களுக்கு கம்மியா போட்டிருக்கான்னு பாக்கணுமா மேடம்?" என்று பில் கலெக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திண்ணையில் நம்பிச் சொன்னவளை நான் எழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு வரி உங்களுக்கு வரும் சந்தேகத்துக்கு நல்ல ஆரம்பம், மனுவில் எழுதும் ஆதாரம் அல்ல. ஒப்பிட வேண்டுமென்றால் உங்கள் தெருவுக்கு நிர்ணயித்திருக்கும் மண்டலம் என்ன, சதுர அடிக்கு அடிப்படை மதிப்பு என்ன என்று கேளுங்கள். அது தெருவுக்கே பொது, யாரையும் காட்டிக் கொடுக்காது.

அந்த மூன்று வரிக் கடிதத்தோடு ஊருக்குத் திரும்பிய அன்று பஸ்ஸில் என் கூட வேலை பார்ப்பவரின் கணவருக்கு ஃபோன் போட்டேன், வக்கீல். அவர்தான் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்கைக் கேட்டு வாங்கு என்றார். 1960களில் நடந்த ஒரு வழக்கையும் சொன்னார். கேரளம் 1961இல் கொண்டுவந்த கட்டட வரிச் சட்டம் தரைப்பரப்பை மட்டுமே பார்த்து வரி போட்டது. எந்த ஊர், எந்த மாதிரிக் கட்டடம், எதற்குப் பயன்படுகிறது, எதுவும் கணக்கில்லை. சமமில்லாதவற்றை ஒன்றாக நடத்துவதும் பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டதாம். நம் ஊர் முறையில் ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்றைப் பிடிக்கிறார்கள், அதற்குள் தெருவின் மண்டலம், கட்டட வகை, உபயோகம், வயது, பரப்பு எல்லாம் போகும் என்று அவர் விளக்கியபோது எனக்கு வெளிச்சம் வந்தது. அப்படியென்றால் பிசகு நடக்க அத்தனை வாசல் இருக்கிறது. எனக்குப் பரப்பில் நடந்தது. இன்னொருவருக்குக் கீழ்க்கட்டில் என்றோ இருந்த தையல் கடையின் போர்டு இன்னும் கழற்றப்படாததால் "வணிகம்" என்று விழுந்திருக்கலாம். ஓட்டு வீடு தளவீடாக ஏறியிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தகவல் மனுவுக்குச் செலவு பத்து ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினேன். பதில் தர 30 நாள் கெடு. "ஏன் எனக்கு அதிகம் போட்டீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயர் சொல்லி நகல் கேட்க வேண்டும். நான் நான்கு கேட்டேன்: எங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கான கள அளவீட்டுப் படிவத்தின் நகல், வரி கணக்கிட்ட தாளின் நகல், எங்கள் தெருவின் மண்டலமும் அடிப்படை மதிப்பும், எங்கள் கதவு எண் 2010இல் பிரிக்கப்பட்ட ஆணையின் நகல். இருபத்தெட்டாவது நாள் தபால் வந்தது. கள அளவீட்டுப் படிவத்தில் நீளம் அகலம் மட்டும் இருந்தது, உள்ளே யாரும் வந்து பார்த்ததற்கான குறிப்பு இல்லை. உரிமையாளர் கையெழுத்து என்ற இடம் காலி. பிரிவினை ஆணையின் நகலும் கூடவே இருந்தது. அவர்களுடைய கோப்பே அவர்களை மறுத்துப் பேசியது. அந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல.

ஆனால் அடுத்த அடி வைப்பதற்கு முன் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் அளவெடுக்க வந்தால் பின்கட்டையும் பார்ப்பார்கள். பின்கட்டின் மேல் சித்தப்பா நாலு வருஷம் முன்னால் ஒரு அறை போட்டிருக்கிறார், 240 சதுர அடி. அது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். காபி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பா, நீ வெளியூர்ல சம்பாதிக்கிற. ரெண்டாயிரம் மூவாயிரம் உனக்கு ஒரு காசா? கிளறாத. கிளறினா எனக்கும் ஏத்திடுவான்" என்றார். "சித்தப்பா, ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்கும் சேத்து அம்மா கட்டிக்கிட்டு இருக்காங்க" என்றேன். "நானா கட்டச் சொன்னேன்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? அவர் சொன்னது உண்மை. ஒரு வாரம் தூங்காமல் யோசித்தேன். பேசாமல் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இது ஒரு தடவையோடு முடிகிற தொகை இல்லையே. ஆண்டுதோறும் 6 சதவீதம் வரி ஏறும் என்ற கணக்கு வேறு வந்துவிட்டது, பின்னால் சென்னை மாமன்றமே 2024 செப்டம்பரில் அப்படி ஒரு உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அடித்தளத்தில் 1,910 என்று இருந்தால் ஒவ்வொரு ஏற்றமும் அந்தப் பொய்யின் மேல்தான் ஏறும். உறவுக்காரர் சுவரை ஒட்டி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அளவு டேப்போடு ஆள் வந்து நிற்கும்போது தெரிவதைவிட அது மேல்.

ஜூலையில் இரண்டாவது மனு எழுதினேன். ஏழே வரி. வரிவிதிப்பு எண் இது, பதிவில் அளவு 1,910, உண்மை அளவு 1,140, மீதி 770 இன்ன எண்ணில் தனியாக வரி செலுத்தப்பட்டு வருகிறது, பிரிவினை ஆணை இணைப்பு, பாகப்பிரிவினைப் பத்திர நகல் இணைப்பு, வரைபடம் இணைப்பு, நேரில் அளந்து திருத்தக் கோருகிறேன். வரைபடத்துக்கு உரிமம் பெற்ற ஒரு பொறியாளரிடம் 2,500 கொடுத்தேன். சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளந்தார், நானே வீட்டுக்குள் டேப் பிடித்தபோது 1,060தான் வந்தது, அந்த எண்ணை எழுதியிருந்தால் முதல் அளவீட்டிலேயே என் பேச்சு எடுபடாமல் போயிருக்கும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன், இன்னொரு பிரதியை ஆணையர் பெயருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏப்ரலில் கொடுத்த மனுவுக்கு முத்திரை வாங்காமல் வந்திருந்தேன், அதை "வரவே இல்லை" என்று சொல்லியிருந்தாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அலுவலக வாசல் டீக்கடையில் ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். ஐயாயிரம் கொடுத்தால் பதினைந்து நாளில் 1,140 ஆக்கித் தருகிறாராம். ஆசையாக இருந்தது, மறைக்கவில்லை. நான்கு நாள் சம்பளப் பிடித்தமும் பஸ் செலவும் கூட்டினால் அதுக்கும் மேலே ஆகிவிட்டது. ஆனால் அவர் எப்படி ஆக்குவார்? கணினியில் யாரோ எண்ணை மாற்றுவார்கள், ஆணை எதுவும் இருக்காது. அடுத்த சீரமைப்பில் மறுபடி 1,910 வந்தால் என் கையில் என்ன இருக்கும்? வேண்டாம் என்றுவிட்டு இரண்டாவது டீயும் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

இதற்கிடையில் கட்டாமல் நிறுத்திவிடு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அதைச் செய்யாதீர்கள். பாக்கி நின்றால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும், அதைவிட முக்கியம், பாக்கிக்காரர் என்ற பெயரோடு போய் நின்றால் பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். "கட்டிட்டு வந்து கேளுங்க" என்பதே முதல் பதிலாக இருக்கும். நான் தவறான தொகையை முழுதாகக் கட்டியிருந்தேன் என்பது எனக்குக் கடைசி வரை உதவியது.

ஜூலைக் கடைசியில் வருவாய் ஆய்வாளர் வந்தார், கூட ஒரு பையன் டேப்போடு. அன்றைக்கும் லீவு போட்டேன், அது நல்லதாயிற்று. திறந்த திண்ணையையும் சேர்த்து அளக்கப் பார்த்தான் அந்தப் பையன். வரைபடத்தைக் காட்டி, பழைய பதிவில் 1,140 எப்படி வந்தது என்று விளக்கியதும் ஆய்வாளர் ஒத்துக்கொண்டார். அப்புறம் மாடி ஏறினார்கள். தளம் நீளமாகப் போய், அந்தக் கோடியில் சித்தப்பாவின் அறை, நீல பெயிண்ட், வெளியே கொடியில் லுங்கி. "அது யாருது?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா கீழே முற்றத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுதுதான், எழுதிக்கங்க" என்றார் அவரே.

ஆகஸ்ட் கடைசியில் ஆணை வந்தது. எங்களுக்கு 1,140, அரையாண்டுக்கு 1,800. நடப்பு அரையாண்டு முதல் அமல் என்று போட்டிருந்தார்கள். அதனால் ஏப்ரலில் கூடுதலாகக் கட்டியது மட்டும் அடுத்த தவணையில் கழிந்தது. அதற்கு முந்தைய நான்கு அரையாண்டுகளுக்கு, தலா 2,220 வீதம் 8,880 ரூபாய், அவர்களைப் பொறுத்தவரை முடிந்த கதை. கெடுவுக்குள் ஆட்சேபிக்கவில்லை என்பது காரணம். 2018இல் ஏற்றிய வரியை 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தபோது கூடுதலாகக் கட்டியதை வரும் தவணைகளில் கழித்துக்கொள்ளச் சொன்ன முன்னுதாரணம் இருக்கிறதே என்று எழுதிப் போட்டேன். அது அரசே எடுத்த முடிவு, இது தனி ஆள் விஷயம் என்றார்கள். அந்த மனு இன்னும் நிற்கிறது. சித்தப்பாவுக்கு 770 என்பது 1,010 ஆகி, அரையாண்டுக்கு 380 ரூபாய் போலக் கூடியது.

ஆணை கைக்கு வந்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அக்டோபரில் இணையதளத்தைத் திறந்தால் அளவு அதே 1,910. ஆணை கோப்பில் இருக்கிறது, கணினியில் ஏற்ற மறந்துவிட்டார்கள். ஆறாவது தடவையாகப் பஸ் ஏறினேன். பில் கலெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, என் எதிரிலேயே ஆபரேட்டரை உட்காரவைத்து மாற்றினார். திரையில் 1,140 தெரிந்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கூடவே ஒரு பிரிண்ட் எடுத்து ஆணையோடு சேர்த்து லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், காலண்டருக்குப் பின்னால் இல்லை, பீரோவில்.

சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. பொங்கலுக்குப் போனபோது அவரே வந்தார், கையில் மடித்த காகிதம், அவருடைய புது வரி அறிவிப்பு. "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, அளவு சரியா இருக்கான்னு பாரு" என்றார். அம்மா டேப்பை எடுத்துக் கொடுத்தார். கீழே சரி. மேலே அறையும் சரி. மாடிப்படிக்கு அடியில் கதவு போட்டுச் சாமான் வைத்திருக்கும் ஒரு சின்ன அறை இருக்கிறது, நாற்பது அடி தேறும், அதை அவர்கள் எடுக்கவில்லை. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன்.

"சரியாத்தான் இருக்கு சித்தப்பா" என்றேன்.